மூன்று வாரமாக வெள்ளைத் தாள்: வடிவமைப்பு மாணவர்களுக்கு யோசனை ஏன் வர மறுக்கிறது?

நீலக்கோடு | ஞாயிறு, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். பொருள் வடிவமைப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பல்கலைக்கழகம் தெற்கில் இருக்கிறது, வீடு திருகோணமலையில். விடுமுறைக்கு வந்த கையோடு ஓர் ஒப்படையும் வந்திருக்கிறது: "உங்கள் ஊரில் ஒரு பிரச்சினையைக் கண்டறிந்து, அதற்குத் தீர்வாக ஒரு பொருளை வடிவமைக்கவும்." இவ்வளவுதான் கேள்வி. வேறு விளக்கம் இல்லை.

மூன்று வாரம் ஓடிவிட்டது. பின்டரெஸ்டில் 412 படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கொப்பியில் ஒரு பட்டியலும் இருக்கிறது: கோட்டைப் பக்கத்து மான்கள் பொலித்தீன் தின்பது, கோணேசர் கோயில் ஏற்றத்தில் முதியவர்களுக்கு இருக்கை, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு நல்ல வாளி, பஸ் நிலையத்தில் நிழல், கடற்கரைக் குப்பை. எதை எடுத்தாலும் யாரோ ஏற்கெனவே செய்துவிட்டது போல இருக்கிறது. பென்சிலை வைத்து ஒரு கோடு போடும்போதே விரிவுரையாளரின் முகம் கண்முன் வந்துவிடுகிறது. "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று அவர் கேட்பதற்கு முன்பே நானே அழித்துவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் படம் வரைந்தபோது இந்தப் பயம் எனக்கு இருந்ததில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா? எப்படி வெளியே வந்தீர்கள்?

மட்டையும்பசையும் | ஞாயிறு, இரவு 11.05

தங்கச்சி, நான் உப்புவெளியில் பிறந்தவன். ஒன்பது வருடமாகக் கொழும்பில் இதே தொழில்தான். உங்கள் பட்டியலை இரண்டு தடவை வாசித்தேன். ஐந்து தலைப்பு இருக்கிறது. ஐந்திலும் ஆள் இல்லை.

"முதியவர்களுக்கு இருக்கை" என்றால் எந்த முதியவர்? ஏற்றத்தில் எந்த இடத்தில் அவருக்கு மூச்சு வாங்குகிறது? கையில் அர்ச்சனைத் தட்டு இருக்கிறதா, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறாரா? செருப்பைக் கழற்றிவிட்டாரா? இதெல்லாம் தெரியாமல் இருக்கை வரைந்தால் அது எந்த ஊர்ப் பூங்காவிலும் கிடக்கும் வாங்குதான். தலைப்பிலிருந்து யோசனை பிறக்காது. நானும் அப்படித்தான் நாள் கணக்கில் முட்டிப் பார்த்தேன்.

மான் விடயத்தையே எடுங்கள். என் வகுப்பில் இரண்டு பேர் அதை எடுத்தோம். இருவரும் செய்தது சுவரொட்டி: மானின் வயிற்றுக்குள் பொலித்தீன் பை. மான் ஏன் பொலித்தீனைத் தின்கிறது என்று இருவருமே கேட்கவில்லை. சோறும் கறியும் ஒட்டியிருந்த உறையில் அந்த மணமும் உப்பும் தங்கிவிடுகின்றன, அதற்காகவே தின்கிறது. 2017 செப்டெம்பரில் நாட்டில் லஞ்ச் ஷீட்டை, அதாவது சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் தாளை, தடை செய்தார்கள். ஆனாலும் சாப்பாட்டைச் சுற்றிக்கொடுக்க ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது, சாப்பிட்டவர் அதை எங்கோ போட வேண்டியிருக்கிறது. பார்சலைப் பிரிக்கும் கையிலிருந்து மானின் வாய் வரைக்கும் ஒரு நாள் முழுக்கப் பின்னாலேயே போயிருந்தால் எங்களுக்குப் பத்து யோசனையாவது கிடைத்திருக்கும்.

கச்சான்காற்று | திங்கள், காலை 6.50

நீலக்கோடு அக்கா, நான் இரண்டாம் ஆண்டு. நீங்கள் சொன்ன பயத்தோடு எனக்கு இன்னொன்றும் இருக்கிறது. யாரும் இதைப் பேசுவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு யோசனை தமிழில் வருகிறது. வகுப்பில் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். குழுவாக உட்கார்ந்து யோசனை சொல்லும் நேரத்தில், நான் வசனத்தை மனத்துக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். கஷ்டப்பட்டுச் சொன்னாலும், எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களுக்குள் அடங்கும் அளவுக்கு யோசனை சுருங்கிவிடுகிறது. அம்மம்மா சுளகில் அரிசி புடைக்கும்போது மணிக்கட்டைக் கடைசியில் ஒரு சுண்டு சுண்டுவார். அந்த அசைவை வைத்து ஒரு யோசனை வைத்திருந்தேன். வகுப்பில் என் வாயிலிருந்து வந்தது "அரிசி சுத்தம் செய்யும் கருவி" என்பது மட்டும்தான். அது ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

வகுப்பறை_ஜன்னல் | திங்கள், மாலை 4.30

வடிவமைப்பு கற்பிக்கிறேன். எங்கே என்பது வேண்டாம்.

கச்சான்காற்று எழுதியதை வாசித்ததும் மனம் கனத்தது. அவர் மந்தமானவர் என்று அவரே நினைத்திருக்கக்கூடும். அது உண்மையில்லை. குழுவாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத்துறைக்காரர். குறை சொல்லாதீர்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று விதிகளும் வகுத்தார். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் கூடிப் பேசியதைவிட, நான்கு பேர் தனித்தனியே எழுதிப் பிறகு சேர்த்த யோசனைகள் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தன. 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு ஆய்வாளர்கள் அதன் காரணத்தைத் தேடினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதே பெரிய தடை என்று கண்டார்கள். காத்திருக்கும் நேரத்தில் யோசனை மறந்துபோகிறது, அல்லது சொல்லாமலே கைவிடப்படுகிறது. தாய்மொழியில் பேசுபவர்களுக்கே இந்த நிலை என்றால், மூன்று மொழி கலந்த நம் வகுப்பறைகளில் மொழிபெயர்த்துப் பேசும் பிள்ளை எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே என் வகுப்பில் முதல் அரை மணி நேரம் யாரும் பேசுவதில்லை. ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை, பிறகு தாளைப் பக்கத்தவருக்குத் தள்ள வேண்டும். ஆறு சுற்றில் 108 யோசனை. 1960களின் இறுதியில் பேர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் கொண்டுவந்த முறை இது. எந்த மொழியில் எழுதினாலும், வெறும் படமாக வரைந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். சுளகு அசைவு அந்தத் தாளில் வந்திருந்தால் பக்கத்திலிருப்பவர் அதைத் தொட்டு இன்னொன்று வரைந்திருப்பார்.

நீலக்கோடு, எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் வாரத்திலேயே அழகான வரைபடம் கேட்கிறோம். அரைகுறையாகக் கொண்டுவந்தால் புள்ளி குறைக்கிறோம். பிறகு "துணிச்சலாக யோசியுங்கள்" என்றும் சொல்கிறோம். இந்த இரண்டும் ஒன்றாகப் போகா.

கரைவலை | திங்கள், இரவு 8.15

நான் வடிவமைப்புப் படித்தவன் அல்லன். திருக்கடலூர்க் கடற்றொழில் குடும்பம். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றேன். மகளின் மகன் இந்தப் பக்கத்தைக் காட்டினான்.

பிள்ளை, ஊரில் பிரச்சினை கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர். விடிய ஐந்தரைக்குக் கரைக்கு வாரும். பிறகு மீனோடு சந்தைக்குப் போம். ஒன்றையும் வரைய வேண்டாம், யாரிடமும் ஒன்றும் கேட்கவும் வேண்டாம். மீன் விற்கும் அம்மாமாரில் ஒருவரின் பக்கத்தில் பத்து மணி மட்டும் சும்மா இரும். சங்கத்துக்கு வந்து போன அதிகாரிகள் எல்லோரும் "என்ன குறை?" என்று கேட்டார்கள். சனமும் விலை, எண்ணெய், வலை என்று சொல்லியது. அது சொல்லிப் பழகிய குறை. சொல்லாத குறையைக் கிட்ட இருந்து கண்ணால்தான் பார்க்கலாம்.

நீலக்கோடு | திங்கள், இரவு 8.40

ஐயா, நாளைக்கே வருகிறேன்.

பனஞ்சிலாகை | செவ்வாய், காலை 11.10

எல்லோரும் "பார், பார்" என்கிறீர்கள். நான் கொஞ்சம் மாறிப் பேசப்போகிறேன். எனக்கு மரவேலைப் பட்டறை இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று மாணவர்கள் வரைபடத்தோடு வருவார்கள். படம் கண்ணைப் பறிக்கும். "இந்த மூலையை எப்படிப் பொருத்துவது?" என்று கேட்டால் பதில் வராது. மரம் எந்தப் பக்கம் வெடிக்கும், பைபர் தாள் எத்தனை மடிப்பு வைத்தால் ஆள் பாரம் தாங்கும், பிளாஸ்டிக் கேனைச் சூடுகாட்டினால் எப்படி மடங்கும் என்று கை அறியாதவர்களுக்கு யோசனை எங்கிருந்து வரும்? பொருளைப் பிடித்துப் பழகிய கைக்கு, பிடிக்கும்போதே இப்படிச் செய்தால் என்ன என்று தோன்றும். கணினியில் எதை வேண்டுமானாலும் எதோடும் ஒட்டலாம். அங்கே ஒன்றும் வெடிப்பதுமில்லை, ஒன்றும் பாரம் தாங்கவேண்டியதுமில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவில் படம் எடுத்துக்கொண்டும் வருகிறார்கள். பளபளவென்று முடிந்துபோன படம். அதில் எங்கே கைவைத்துத் திருத்துவது? முடிந்ததாகத் தெரியும் ஒன்றிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. அழுக்கு மட்டையில் வெட்டிக் கொண்டுவாருங்கள், ஒரு மணி நேரம் பேசலாம்.

மட்டையும்பசையும் | செவ்வாய், பிற்பகல் 1.00

பனஞ்சிலாகை அண்ணா, முழுவதும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. கை மட்டும் தெரிந்தவர்கள் தெரிந்த ஒரே பொருத்து முறையையே திரும்பத் திரும்பப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். பார்வையும் வேண்டும், கையும் வேண்டும். எது முதலில் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

நீலக்கோடு | புதன், இரவு 9.30

நேற்றும் இன்றும் போனேன். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் ஓர் அம்மாவின் பக்கத்தில் இடம் கிடைத்தது. கரைவலை ஐயா சொல்லியும் கேளாமல் முதல் நாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்: "அம்மா, உங்களுக்கு இங்கே என்ன கஷ்டம்?" அவர், "ஒன்றுமில்லை மகள், விலைதான்" என்றார். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அவருக்கு ஒரு ரெஜிபோம் பெட்டி. உள்ளே பாரையும் கும்பளாவும், நடுநடுவே ஐஸ். பெட்டியின் கீழ் மூலையில் ஒரு துவாரம், அதில் சுருட்டிய ஷொப்பிங் பை அடைப்பாக இருக்கிறது. ஐஸ் உருகித் தண்ணீர் கட்டும்போது அவர் குனிவதில்லை. வலது காலின் பெருவிரலால் அந்தப் பையை இழுத்துவிடுகிறார். தண்ணீர் நேரே அவருடைய பாதத்தில் ஓடி, சீமெந்துத் தரையின் பள்ளத்தில் தேங்குகிறது. திரும்ப விரலாலேயே அடைக்கிறார். மீனுக்கு விலை சொல்லிக்கொண்டே இதைச் செய்கிறார், கண் கீழே போவதே இல்லை.

முதல் நாள் அந்தக் கெட்டித்தனத்தை வியந்துகொண்டிருந்தேன். பாதத்தை நான் கண்டது இரண்டாம் நாள். தோல் வெளுத்துச் சுருங்கி, குதிக்காலில் வெடிப்பு. சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு காலைத் தூக்கிப் பெட்டியின் விளிம்பில் வைக்கிறார். யாராவது மீன் கேட்டு வந்தால் இறக்கிவிடுகிறார். காலை ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரை அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் கால். அவர் அதைக் கஷ்டம் என்று சொல்லவில்லை. நானும் முதல் நாள் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரே இருப்பில் 23 படம் வரைந்தேன். மூன்று வாரத்துக்குப் பிறகு கை ஓடியது. விரிவுரையாளரின் முகம் வரவில்லை, அந்தப் பெருவிரல்தான் வந்தது.

ஆனால் 23ஐயும் தரையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. அவற்றில் 19 படங்களில் பெட்டிக்குச் சில்லு இருக்கிறது. சில்லுக்கும் பாதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஏன் வரைந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

வகுப்பறை_ஜன்னல் | புதன், இரவு 10.10

நீங்கள் சேர்த்த 412 படங்களில் சில்லு வைத்த குளிர்ப்பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிந்தாத கோப்பிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கும்படி கேட்டார்கள். ஒரு குழுவுக்கு மாதிரிப் படம் கொடுத்தார்கள், மற்றக் குழுவுக்குக் கொடுக்கவில்லை. அந்த மாதிரியில் உறிஞ்சுகுழாய் இருந்தது. குழாய் வைக்கக் கூடாது என்று கேள்வியிலேயே எழுதியும் இருந்தது. அப்படியிருந்தும் மாதிரியைப் பார்த்தவர்களில் பலர் குழாயோடு வரைந்தார்கள். தேர்ந்த பொறியியலாளர்களைச் சோதித்தபோதும் மாதிரியின் பிடியிலிருந்து அவர்கள் தப்பவில்லை. பார்த்த படம் தெரியாமலே கையில் ஒட்டிக்கொள்கிறது. படம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், பார்க்காமல் யாரும் வளர்ந்ததில்லை. உங்கள் சொந்தப் படங்கள் இருபதாவது வரும்வரை பின்டரெஸ்டைத் திறக்காதீர்கள்.

நீலக்கோடு | புதன், இரவு 10.25

இருக்கிறது. ஏழு படம்.

கரைவலை | வியாழன், காலை 5.05

சில்லு மணலில் புதையும் பிள்ளை. அந்தப் பெட்டி கரையிலிருந்து ஆட்டோவுக்கு இரண்டு பேர் கயிற்றில் தூக்கித்தான் வரும்.

மட்டையும்பசையும் | வியாழன், காலை 9.20

அந்த 19 படங்களையும் கிழிக்காதீர்கள், மேசை லாச்சியில் போடுங்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது "மீன் சந்தை" என்ற தலைப்பு அல்ல. ஓர் அம்மா, ஒரு துவாரம், ஐந்து மணி நேரம். கேள்வியைச் சின்னதாக எழுதுங்கள்: பெருவிரலால் திறக்கும் பழக்கம் மாறாமல், தண்ணீர் காலில் படாமல் எப்படிப் போகும்? ஒரு பைப்பை வைத்துத் தண்ணீரை வடிகானுக்குத் திருப்பினாலே முடிந்ததல்லவா?

நீலக்கோடு | வெள்ளி, இரவு 8.00

அண்ணா, அப்படித்தான் நானும் நினைத்தேன். இன்று ஒரு முழப் பைப்போடு போனேன். அம்மா சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அந்தத் தண்ணீர் அவருக்கு வேண்டுமாம். கவனித்தேன்: தரைப் பள்ளத்தில் தேங்குவதற்கு முன், துவாரத்தின் கீழ் ஒரு யோகட் கப்பை வைத்துப் பிடித்து, வெட்டும் பலகையையும் கத்தியையும் அதால்தான் கழுவுகிறார். தண்ணீர்க் குழாய் தூரத்தில் இருக்கிறது, எழுந்து போனால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். இரண்டு நாள் பக்கத்தில் இருந்தும் அந்தக் கப்பை நான் காணவில்லை.

எனவே தண்ணீர் காலில் படவும் கூடாது, கைக்கு எட்டாமல் போகவும் கூடாது.

பிறகு பனஞ்சிலாகை அண்ணா சொன்னது ஞாபகம் வந்தது. கணினியைத் திறக்கவில்லை. வீட்டில் கிடந்த இருபது லீற்றர் கேனை நீளவாக்கில் பாதியாக வெட்டி, துவாரத்தின் கீழே படுக்க வைத்தேன். மேலே மட்டைக் கீலங்களை இடைவெளி விட்டு அடுக்கினேன். கால் மேலே, தண்ணீர் கீழே. ஓரத்தில் கப் நுழைய ஒரு வாய். அவ்வளவுதான்.

இரண்டு பிழை உடனே தெரிந்தது. ஒன்று, கேனின் வெட்டு விளிம்பு கையைக் கீறுகிறது. மற்றது நான் எதிர்பாராதது: கால் ஒரு சாண் உயர்ந்ததும் முழங்கால் மேலே வந்துவிட்டது, அம்மாவின் மடியில் இருந்த காசுப்பெட்டி சரிந்தது. முக்காலியையும் உயர்த்தினால் மீன் பலகை எட்டாது. ஆகவே கேனைப் பாதியாக அல்ல, கால்வாசியாக வெட்ட வேண்டும்.

கச்சான்காற்று | வெள்ளி, இரவு 8.30

அக்கா, இதை அப்படியே தமிழில் எழுதி வையுங்கள். "பெருவிரல்", "யோகட் கப்", "முழங்கால்" எல்லாம் இருக்கட்டும். மொழிபெயர்ப்பைக் கடைசியில் செய்யுங்கள். நானும் சுளகைத் திரும்ப எடுத்திருக்கிறேன். அம்மம்மாவின் கையைக் கைப்பேசியில் மெதுவாக ஓடும்படி படம்பிடித்தேன். சுண்டுவதற்கு முன் சின்னதாக ஒரு நிறுத்தம் இருக்கிறது, எனக்கு அது தெரியவே தெரியாது.

வகுப்பறை_ஜன்னல் | வெள்ளி, இரவு 9.15

கச்சான்காற்று, அந்த நிறுத்தத்தை மட்டும் பத்துப் படமாக வரைந்து பாருங்கள்.

நீலக்கோடு, உங்கள் விரிவுரையாளரின் மனம் எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் பைப் யோசனை தோற்ற கதையையும் சில்லு வைத்த 19 படங்களையும் பார்க்கக் கேட்பேன். இறுதி வரைபடத்துக்கு முன்னால் அவற்றை வையுங்கள்.

பனஞ்சிலாகை | வெள்ளி, இரவு 9.50

கேனின் விளிம்பைச் சூடுகாட்டி உட்பக்கம் மடக்கலாம், ஹீட் கன் என்னிடம் இருக்கிறது. மட்டை ஒரு நாள் கூடத் தாங்காது. பலகை போட்டாலும் நனைந்து காய்ந்து வளையும். பனஞ்சிலாகை, அதாவது பனைமரத்தில் அறுத்த சட்டம், போடுங்கள் தங்கச்சி. வைரம் பாய்ந்த பனை ஈரத்துக்கு அசையாது. ஆனால் சிலாம்பு கையில் ஏறும், வெறுங்காலில் இன்னும் மோசம். மேல் விளிம்பை உருட்டிச் சீவ வேண்டும். பழைய கூரை ஒன்று பிரித்த துண்டுகள் பட்டறையில் கிடக்கின்றன. அளவைக் கொண்டுவந்தால் நீங்களே சீவுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

நீலக்கோடு | வெள்ளி, இரவு 10.05

நாளை வருகிறேன் அண்ணா. ஆனால் இடைவெளியின் அளவு இன்னும் கையில் இல்லை. தண்ணீர் இறங்க வேண்டும், அம்மாவின் சின்ன விரல் சிக்கவும் கூடாது. விடிய முதலில் சந்தைக்குப் போய் அடிமட்டத்தால் அளந்துவிட்டு, அங்கிருந்து நேரே பட்டறைக்கு வருகிறேன்.

கரைவலை | வெள்ளி, இரவு 10.20

ஆறரைக்குப் பிறகு போம் பிள்ளை. அதற்கு முன் அவருக்கு மீன் இறக்கும் அவசரம், காலை நீட்டி அளக்கத் தரமாட்டார்.